ஆன்லைன் செஸ்: நீங்கள் எந்த ரகம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இ-மெயில் முகவரி உருவாக்குவார்கள். நாலு பாட்டு கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு கேமரா வைத்துப் பேசுவார்கள். அதன் பிறகு "வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். செஸ் தெரிந்தவர் வீடாக இருந்தால், பதில் உடனே கிடைத்து விடும். "இன்டர்நெட்டில் செஸ் ஆடலாமாமே!"

ஆடலாம். தாராளமாக ஆடலாம். பைசா செலவில்லாமல் ஆடலாம். ஆனால் முதல் ஆட்டத்திற்கு மவுஸைக் கிளிக் செய்யும் முன்பு உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. "நான் எதற்காக ஆடுகிறேன்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் பலர் ஒரே வாரத்தில் ஆன்லைன் செஸ்ஸை விட்டு ஓடி விடுகிறார்கள். இன்னும் சிலர் அதிலிருந்து எழுந்து வர முடியாமல் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

கீழ்வேளூரில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடியவர். நிதானமாக யோசித்து ஆடுவார். அவரோடு ஆடி ஜெயித்தவர்கள் ஊரில் குறைவு. கூட ஆடியவர்களில் சிலர் காலமாகி விட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போய் விட்டார்கள். ஆட ஆள் வேண்டுமென்றால் கிழக்கே நாகப்பட்டினமோ மேற்கே திருவாரூரோ பஸ் ஏற வேண்டும். அந்த வயதில் அது நடக்கிற காரியமா? சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். அவருக்கு செஸ் வெப்சைட்டில் அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்தது நான்தான். "இதில் எதையாவது கிளிக் செய்யுங்கள் சார், ஆள் வந்து விடுவார்" என்று சொல்லி விட்டு வந்து விட்டேன்.

மறுநாள் போனால் கம்ப்யூட்டர் மேல் துண்டு போட்டு மூடியிருந்தார்.

"தம்பி, இது எனக்கு ஒத்து வராது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு ஆட்டம் தோத்துட்டேன். வயசாயிடுச்சு, மூளை மழுங்கிடுச்சு போல."

ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டில் எட்டு ஆட்டங்களில் அவர் நல்ல நிலையில் இருந்தார். இரண்டில் ஒரு யானை அதிகமாகவே இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் நேரம் தீர்ந்து தோற்றிருந்தார். அவர் கிளிக் செய்தது 3+0 என்ற கட்டம். அதாவது முழு ஆட்டத்திற்கும் மூன்றே நிமிடம். மூளையில் ஒரு பழுதும் இல்லை. கிளிக் செய்த கட்டம்தான் தப்பு. அதை அவருக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அந்தத் தப்பை வாசகர்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டல் குறியின் பொருள்

செஸ் வெப்சைட்டுகளில் 3+0, 10+5, 15+10 என்றெல்லாம் எழுதியிருக்கும். முதல் எண் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்பது. இரண்டாவது எண், ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்போதும் உங்கள் கடிகாரத்தில் எத்தனை விநாடி கூடும் என்பது. இப்படி நேரம் கூட்டிக் கொடுக்கும் கடிகாரத்திற்கு 1989ல் பேட்டண்ட் பெற்றவர் உலக சாம்பியனாக இருந்த பாபி ஃபிஷர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டம் சராசரியாக 40 நகர்த்தல்கள் என்று வைத்துக் கொள்வோம். 3+0 ஆட்டம் இருவருக்கும் சேர்த்து ஆறு நிமிடத்துக்குள் முடிந்து விடும். 10+5 ஆட்டம் அதிகபட்சம் சுமார் 27 நிமிடம் ஓடும். 15+10 என்றால் சுமார் 43 நிமிடம். 30+20 என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

இவற்றுக்குப் பெயர்களும் உண்டு. மூன்று நிமிடத்துக்கும் குறைவானது புல்லட். அதற்கு மேல் சில நிமிடங்கள் என்றால் பிளிட்ஸ். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்றால் ரேபிட். அரை மணிக்கு மேல் போனால் கிளாசிகல். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தருவது கரஸ்பாண்டன்ஸ். இதை டெய்லி என்றும் சொல்வார்கள். எல்லை எங்கே என்பதில் வெப்சைட்டுக்கு வெப்சைட் சிறு மாற்றம் இருக்கும்.

காய்களும் கட்டங்களும் ஒன்றுதான். ஆனால் இவை ஐந்தும் ஐந்து வேறு விளையாட்டுகள் என்றே சொல்வேன். ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் தடுமாறலாம். இப்போது ஆடுகிறவர்களின் ரகங்களைப் பார்ப்போம். உங்கள் ரகம் எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ரகம் 1: வேகப் பிரியர்

டீக்கடையில் கேரம் ஆடுகிற மாதிரி இவர்களுக்கு செஸ். ஒன்று முடிந்ததும் அடுத்தது. தோற்றாலும் கவலையில்லை, இதோ இன்னொன்று. வேக ஆட்டம் என்றாலே கெட்ட பழக்கம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்தார். அங்கே ஆள் அதிகம், போர்டு குறைவு. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்கக் கூடாது என்றால் வேகமாகவும் ஆட வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும். அந்தப் பையன்தான் 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிளப்பில் தோற்றவர் எழுந்து நிற்கும்போது, தாம் ஏன் தோற்றோம் என்று யோசிக்க நேரம் கிடைத்தது. அடுத்தவர் ஆடுவதைப் பார்க்கவும் முடிந்தது. கம்ப்யூட்டரில் அந்த வரிசை இல்லை. தோற்ற மறு விநாடியே "மறுபடியும் ஆடலாமா?" என்ற பட்டன் வந்து நிற்கும். கோபத்தில் அதைக் கிளிக் செய்வோம். இப்படித்தான் ஒரு ஆட்டம் முப்பது ஆட்டமாகிறது. வேகப் பிரியர்களுக்கு என் யோசனை இதுதான். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். அந்த வரிசையை நாமே உண்டாக்கிக் கொள்ள வேண்டியதுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர்கள் புல்லட் பக்கமே போக வேண்டாம். அதில் பாதி ஆட்டம் செஸ், பாதி ஆட்டம் மவுஸ். கை பழகாதவருக்கு அது தோல்வி எண்ணிக்கையை மட்டும்தான் கொடுக்கும்.

ரகம் 2: யோசித்து ஆடுகிறவர்

எங்கள் கணக்கு ஆசிரியர் இந்த ரகம். எதிராளி ஏன் இந்தக் காயை நகர்த்தினான் என்று யோசிப்பதே இவர்களுக்கு இன்பம். இவர்கள் 15+10 அல்லது 30+20 கட்டத்தைத்தான் தேட வேண்டும். எதிராளி கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் "அனாலிசிஸ்" என்ற பட்டனை அழுத்தினால், எந்த இடத்தில் தவறினீர்கள் என்று கம்ப்யூட்டரே காட்டும். அதற்கு முன், தவறு எங்கே என்று நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள். இந்த ரகத்தினருக்கு ஆட்டத்தில் பாதி சுவை அதில்தான்.

ரகம் 3: தபால்காரர்

முன்பெல்லாம் போஸ்ட் கார்டில் நகர்த்தலை எழுதி அனுப்பி செஸ் ஆடுவார்கள். ஓர் ஆட்டம் முடிய வருடக் கணக்கில் ஆகும். அதன் இன்றைய வடிவம்தான் கரஸ்பாண்டன்ஸ். காலையில் ஒரு நகர்த்தல், மாலையில் ஒரு நகர்த்தல். நடவு, அறுப்பு என்று வயலுக்குப் போய் வருகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டுப் பெண்கள் ஆகியோருக்கு இதை விடப் பொருத்தமானது இல்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை. வந்ததும் ஆடலாம்.

ஒரே ஒரு முறை எனக்கு அதுவும் கை கொடுக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது நினைவிருக்கும். எங்கள் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. செஸ்ஸை யார் நினைத்தார்கள்? பல நாள் கழித்துக் கரண்ட் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், நடந்து கொண்டிருந்த மூன்று ஆட்டங்களிலும் நேரம் முடிந்து தோற்றிருந்தேன். மூன்று எதிராளிகளில் ஒருவர் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நல்ல நிலையில் இருந்தீர்களே, ஏன் விட்டு விட்டீர்கள், நலமாக இருக்கிறீர்களா என்று. அவர் எந்த ஊர் என்பது கூட எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். அதே நிலையில் காய்களை அடுக்கிப் புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினார். வெப்சைட்டில் அதற்கு வசதி இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நான் தோற்றுப் போனேன். ஆனால் நான் ஆடியதிலேயே எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான்.

ரகம் 4: புதிர்ப் பிரியர்

எதிராளியே வேண்டாம், புதிர் மட்டும் போதும் என்கிற ரகம். "வெள்ளை ஆடி மூன்று நகர்த்தலில் செக்மேட் செய்ய வேண்டும்" என்பது போன்ற புதிர்களை இன்று செஸ் வெப்சைட்டுகள் தினமும் தருகின்றன. இதை ஆட்டமே இல்லை என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஆனந்த் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்தது. அங்கே டி.வி.யில் மதிய நேரத்தில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா புதிரைக் குறித்து வைத்திருப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு செஸ் புத்தகம். தொடர்ந்து இவர்களே ஜெயித்ததால், "வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக் கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லி விட்டார்களாம்.

தோல்விக்குப் பயப்படும் குழந்தைகளுக்கும், பத்து நிமிடம் மட்டுமே ஓய்வு கிடைப்பவர்களுக்கும் புதிர் நல்ல வழி. வீட்டில் இருவர் சேர்ந்தும் செய்யலாம்.

ரகம் 5: பேச்சுத் துணைக்கு ஆடுகிறவர்

இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பது சாதாரணம். வாரம் ஒரு முறை போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேன்." "மழை பெஞ்சுதா?" "பெஞ்சுது." அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. அப்பாவும் மகனும் ஒரு செஸ் ஆட்டத்தைத் திறந்து வைத்துக் கொண்டால் பேச்சு தானாக வருகிறது.

இதற்கு வெளி ஆட்கள் யாரும் தேவையில்லை. செஸ் வெப்சைட்டில் "நண்பரோடு ஆடு" என்ற பொருளில் ஒரு வசதி இருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஒரு லிங்க் கிடைக்கும். அதை மகனுக்கு அனுப்பினால் அவர் கிளிக் செய்ததும் ஆட்டம் தொடங்கி விடும். கடிகாரம் இல்லாமலேயே ஆடலாம். ரேட்டிங் கணக்கில் சேராத "கேஷுவல்" ஆட்டமாக வைத்துக் கொள்ளுங்கள். அப்பா தோற்றாலும் மகன் தோற்றாலும் நஷ்டம் யாருக்கும் இல்லை.

ரகம் 6: எண்ணைத் துரத்துகிறவர்

இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் மற்ற ஐந்து ரகத்தில் யாராக நுழைந்தாலும், கொஞ்ச நாளில் வெப்சைட் உங்களை இந்த ஆறாவது ரகமாக மாற்றப் பார்க்கும்.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறும் அல்லது இறங்கும். அதுதான் ரேட்டிங். ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த முறையை 1970ல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக் கொண்டது. ஆன்லைனில் அதன் வழிவந்த முறைகள் இயங்குகின்றன. இதன் வேலை ஒன்றே ஒன்றுதான். உங்களுக்குச் சமமான எதிராளியைக் கண்டுபிடித்துத் தருவது. அது ஆட்டக்காரரை மதிப்பிடும் எண். மனிதருக்குப் போடும் மார்க் அல்ல.

இதில் புதியவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. லிசெஸ் வெப்சைட்டில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் 1500 என்ற எண்ணே தொடக்கம். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாததால் நடுவில் வைக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கும். முதல் சில ஆட்டங்களில் அது வேகமாகச் சரிந்து 1000, 900 என்று வரலாம். பலர் இங்கேதான் மனம் உடைகிறார்கள். நீங்கள் எதையும் இழக்கவில்லை. உங்கள் இடத்தை அது தேடிக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். சமமானவரோடு கோத்து விடுவதுதான் ரேட்டிங்கின் வேலை என்றால், நீங்கள் எவ்வளவு முன்னேறினாலும் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் செய்வீர்கள். நீங்கள் வளர வளர எதிராளியும் வளர்ந்தவராக வருவார். ஆகவே பத்துக்கு ஐந்து தோல்வி என்பது, ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் விட்டுப் போயிருக்க மாட்டார்கள்.

என் கதையையும் சொல்லி விடுகிறேன். ஒரு கட்டத்தில் 1600ஐத் தொட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. தொடுவேன், இறங்குவேன். ஒரு நாள் இன்னொரு விண்டோவில் செஸ் எஞ்சினைத் திறந்து வைத்துக் கொண்டேன். எஞ்சின் என்றால் செஸ் ஆடும் புரோகிராம். 1997ல் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ ஓர் அலமாரி அளவு இயந்திரம். இன்று அதை விட பலமான ஸ்டாக்ஃபிஷ் என்ற புரோகிராம் யாருடைய கம்ப்யூட்டரிலும் இலவசமாக ஓடுகிறது. அது சொன்னதை நான் ஆடினேன். மூன்று மாலைகள் தொடர்ந்து ஜெயித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தவன் கேட்டான், "மாமா, ஆடுறது நீங்களா, அதுவா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1600ஐத் தாண்டியிருந்தேன். ஒரு சந்தோஷமும் இல்லை. அன்றே அந்த அக்கவுண்டை மூடினேன். மறுபடி புதிதாகத் தொடங்கி இன்று வரை 1400 சொச்சத்தில் இருக்கிறேன். என் சொந்த எண்.

இப்படி ஆடுகிறவர்களை வெப்சைட்டுகள் கண்டுபிடித்து அக்கவுண்டை முடக்குகின்றன. ஆனால் மாட்டிக் கொள்வது இரண்டாவது விஷயம். எதிரில் ஒருவர் தம் மாலை நேரத்தில் அரை மணியை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் முதல் விஷயம்.

எதிரில் இருப்பவர் யார்?

எங்கள் ஊரிலிருந்து திருவாரூர் வழியாக நீடாமங்கலம் போய், மன்னார்குடி சாலையில் சென்றால் பூவனூர் வரும். அங்குள்ள சிவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். இளவரசி ராஜராஜேஸ்வரி சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாதவளாக இருந்தாள். அவளை ஆட்டத்தில் வெல்பவருக்கே மணம் முடிப்பேன் என்று தந்தை அறிவித்திருந்தார். பூவனூருக்கு அவர்கள் வந்தபோது ஒரு முதியவர் வந்து ஆடி ஜெயித்தார். பிறகுதான் அவர் சிவபெருமான் என்று தெரிந்தது. இது தலபுராணம். 2022ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் துவக்க விழாவில் பிரதமர் உரையிலும் இந்தக் கோயில் இடம்பெற்றது.

ஆன்லைனில் ஆடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். எதிரில் ஒரு யூசர் நேம் மட்டும்தான் தெரிகிறது. அது எட்டு வயதுச் சிறுமியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொழுது போகாமல் ஆடுகிறவராக இருக்கலாம், கிராண்ட்மாஸ்டராகவும் இருக்கலாம். ஆகவே தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ஆடாமல் கடிகாரத்தை ஓட விடுவது, சாட் பெட்டியில் கண்டபடி எழுதுவது போன்றவை வேண்டாம். தோல்வி உறுதியானால் "ரிசைன்" பட்டனை அழுத்துங்கள். ஒரு நன்றி சொல்லுங்கள்.

எதிராளி பாதியில் காணாமல் போனாலும் அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்றில் ரஷ்யாவை எதிர்த்து ஆடிக் கொண்டிருந்த இந்திய வீரர்கள் இருவருக்கு இன்டர்நெட் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து போனது. இந்தியா முறையிட்டது. விசாரித்த ஃபிடே, இரு நாடுகளும் சேர்ந்து தங்கம் பெறுவதாக அறிவித்தது. நாட்டின் அணிக்கே அப்படி என்றால், நம் எதிராளி வீட்டில் கரண்ட் போயிருக்கக் கூடாதா?

பிள்ளைகள் ஆடும் வீட்டில்

2022 பிப்ரவரியில் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா, ஓர் ஆன்லைன் போட்டியில் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தார். அப்போது அவருக்கு வயது 16. 2024 டிசம்பரில் இன்னொரு சென்னைக்காரர் குகேஷ், 18 வயதில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு பெற்றோர்கள் கம்ப்யூட்டர் வாங்கும்போதே "செஸ் கிளாஸுக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் குகேஷ் தம் தொடக்க ஆண்டுகளில் எஞ்சின் உதவியில்லாமல், சொந்தமாக யோசித்துத்தான் பயிற்சி பெற்றார் என்பதையும் சேர்த்துத் தெரிந்து கொள்ளுங்கள். பிள்ளையிடம் "இன்றைக்கு ரேட்டிங் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எந்த ஆட்டம் பிடித்திருந்தது? போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டாலும் கேட்கலாம்.

யூசர் நேமில் உண்மைப் பெயரும் பள்ளியும் வேண்டாம். சாட்டை நிறுத்தி வையுங்கள். லிசெஸ்ஸில் இதற்கென்றே "கிட் மோட்" என்ற வசதி உண்டு. கம்ப்யூட்டரைப் பொது அறையில் வையுங்கள். ராத்திரி இத்தனை மணிக்கு மேல் கிடையாது என்று ஒரு நேரம் சொல்லி விடுங்கள். அந்த விதி அப்பாவுக்கும் சேர்த்துத்தான்!

எங்கே தொடங்கலாம்?

லிசெஸ், செஸ்.காம் இரண்டும் பிரபலமானவை. 2010ல் தொடங்கிய லிசெஸ் நன்கொடையில் நடப்பது. விளம்பரமும் கட்டணமும் இல்லை. 2007ல் தொடங்கிய செஸ்.காமில் ஆடுவது இலவசம். சில கூடுதல் வசதிகளுக்கு மட்டும் கட்டணம். அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். முதல் ஆறு மாதத்திற்கு இலவச வசதியே போதும். எந்தப் புரோகிராமையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஆடலாம். செஸ்ஸுக்கு டேட்டாவும் மிகக் குறைவு. டயல்-அப் மோடம் காலத்திலேயே ஆன்லைன் செஸ் நடந்திருக்கிறது.

முதலில் கம்ப்யூட்டரோடு குறைந்த லெவலில் நாலு ஆட்டம் ஆடி மவுஸைப் பழகுங்கள். பிறகு 10+5 அல்லது 15+10ல் தொடங்குங்கள். உங்கள் ரகம் எது என்று ஒரு மாதத்தில் தெரிந்து விடும். ரகம் மாறவும் செய்யும். பரீட்சை முடிந்த பையன் வேகமாக ஆடுவான், வேலைக்குப் போனதும் தபால்காரர் ஆவான். தவறில்லை. வெப்சைட் முகப்பில் இருக்கும் கட்டம் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

கணக்கு ஆசிரியரிடம் அன்றே திரும்பப் போனேன். துண்டை எடுக்கச் சொல்லி, 30+20 கட்டத்தைக் காட்டினேன். செட்டிங்ஸில் போய் ரேட்டிங் எண் கண்ணில் படாமலும் மறைத்துக் கொடுத்தேன். லிசெஸ்ஸில் அந்த வசதி உண்டு. முதல் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. தோற்றுப் போனார். ஆனால் எழுந்திருக்கவில்லை. எந்த இடத்தில் குதிரையைத் தவற விட்டோம் என்று பின்னோக்கிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

போன வாரம் தெருவில் பார்த்தபோது, "சார், இப்ப ரேட்டிங் எவ்வளவு?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அது எதுக்கு தம்பி? நேத்து ஒருத்தன் வந்தான் பாரு, என்னா யோசனை! சாயங்காலம் வா, அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுறேன்" என்றார்.